ஒரு பொட்டு, இரண்டு ராகம்

வயலின் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குப் பிள்ளைகளின் பெயர் அப்புறம்தான் மனசில் பதியும். முதலில் பதிவது அவர்கள் வைத்திருக்கும் வயலினின் அளவு. கால், அரை, முக்கால், முழுசு. வீட்டில் என் கணவரிடம்கூட, "இன்னிக்கு முக்கால் லீவு, கால் அழுதுக்கிட்டே வந்தா" என்றுதான் சொல்வேன். அவருக்கும் பழகிவிட்டது.

இந்தக் கதையின் நாயகன் அரை. வயது எட்டு. ஸ்ரீரங்கத்துப் பையன் என்பதால் எங்கள் வீட்டில் அவனுக்கு 'அரையர்' என்று பெயர். பெருமாள் முன்னால் பாசுரம் சேவிக்கும் நிஜ அரையர்கள் மன்னிக்க வேண்டும்.

செவ்வாயும் வியாழனும் சித்திரை வீதியில் உள்ள அவன் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பமே அமர்க்களம். புது வில்லுக்கு ரோசின் தேய்க்காமல் இழுத்தால் சத்தமே வராது. அது தெரியாமல் அவன் அப்பா, ஊமை வயலினைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்குச் சண்டை போடக் கிளம்பிவிட்டார். தடுத்து உட்காரவைத்து ரோசினைக் காட்டினேன். பைன் மரப் பிசின்; தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கும். அரையர் அதைப் பார்த்த பார்வையே சரியில்லை. அடுத்த வகுப்பில் அதன் ஓரத்தில் இரண்டு பல் தடம்.

"கமர்கட்டுன்னு நெனச்சேன் மிஸ்."

"எப்படி இருந்துச்சு?"

"கசக்குது. ஆனா வாசனையா இருக்கு."

வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி, தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டுக்குப் பெயரும் குதிரை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப குதிரையோட முடியப் புடுங்கி, குதிரைக்குப் பக்கத்துலயே வெச்சுத் தேய்க்கிறோமா மிஸ்?" பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

தாளம் தனிக் கதை. நம் வழக்கப்படி சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருக்கிறதே, தாளத்துக்கு எங்கே போவது? அரையர் அந்த வலது காலாலேயே தட்டுவான். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கும் வயலின் எட்டு முறை குதிக்கும். குதிரை என்ற பெயர் அதற்குப் பொருத்தம்தான்.

பக்கத்து வீட்டு மாமா முதல் வாரத்திலேயே வாசலில் என்னை நிறுத்தி, "டீச்சர், அவங்க வீட்டு ஊஞ்சல் சங்கிலிக்குக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுங்களேன், சாயங்காலம் ஆனா கிறீச்சுங்குது" என்றார். அந்த வீட்டில் ஊஞ்சலே கிடையாது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மறுவாரம் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயே கொடுத்துவிட்டார்.

சரி, பொட்டுக்கு வருகிறேன்.

என் குருநாதர் இதைக் கேட்டால் வில்லாலேயே அடித்திருப்பார். வீணை மாதிரி மெட்டுக் கட்டைகள் வயலினில் கிடையாது. மொழுமொழுவென்று ஒரு கறுப்புப் பலகைதான். ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பதைக் காது சொல்ல வேண்டும், விரல் கேட்க வேண்டும். அவர் என்னை உட்காரவைத்துவிட்டுக் காபி கலக்கப் போய்விடுவார். நான் தப்பாகப் பிடித்தால் அடுக்களையிலிருந்து "ரி!" என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான் பாடம். இப்போது அப்படிச் சொல்லிக்கொடுத்தால் இரண்டாவது மாதமே, "எப்ப மிஸ் பாட்டு வாசிப்பான்?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் நான் குறுக்கு வழிக்கு வந்துவிட்டேன். பலகையில் ஸ்டிக்கர் பொட்டு. ரி-க்கு அரக்கு, க-வுக்குப் பச்சை, ம-வுக்கு மஞ்சள். பொட்டு உபயம், அந்தந்த வீட்டு அம்மா.

மூன்றே பொட்டு ஏன் போதும் என்றால், ஆரம்பப் பாடமெல்லாம் மாயாமாளவகௌளை ராகம். ஸ-வை ஒட்டியே ரி, அப்புறம் ஒரு நீண்ட தாண்டல், அங்கே க, அதை ஒட்டியே ம. அடுத்த தந்தியில் ப-த-நி-ஸ அச்சு அசலாக அதே இடைவெளி. இரண்டு தந்திகளுக்கும் நடுவில் பொட்டை ஒட்டிவிட்டால் ரி-க்கு வைத்ததே த-வுக்கும் ஆகும், க-வுக்கு வைத்ததே நி-க்கு. இந்தச் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, ஸ-ரி-க-ம என்று ஏறி இறங்கும் முதல் பாடமான சரளி வரிசை முதலாவதை ஓரளவு ஒழுங்காக வாசித்தான். அடுத்த செவ்வாய் போனபோது அம்மா வாசலிலேயே மலர்ந்த முகத்தோடு நின்றார். "நாலு நாளா பிரமாதமா வாசிக்கிறான் மிஸ். ரெக்கார்ட் பண்ணி குடும்ப குரூப்ல போட்டேன். எல்லாரும் கை தட்டியிருக்காங்க." அப்பாவும் எட்டிப் பார்த்தார். "முன்னாடி என்னமோ சோகமா இழுத்துக்கிட்டிருந்தான். இப்ப பேண்டு மாதிரி ஜம்முன்னு இருக்கு."

அரையர் வாசித்தான். ஜம்மென்றுதான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. ஸ்ருதிப் பெட்டியைப் பார்த்தேன். பிரடைகளைத் திருகித் தந்திகளைச் சரிபார்த்தேன். ஸ-ப-ஸ-ப நாலும் ஒழுங்காக இருந்தன. என் காதில்தான் கோளாறோ? மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். விரல் தடுமாறவே இல்லை, ஒவ்வொன்றும் பொட்டு மேலேயே போய் உட்கார்ந்தது.

உள்ளே பூ தொடுத்துக்கொண்டிருந்த பாட்டி குரல் கொடுத்தார். சின்ன வயதில் பாட்டுக் கற்றுக்கொண்டவர். "ஏம்மா, வெள்ளிக்கிழமைலேர்ந்து சங்கராபரணம் வாசிக்கிறானே, அதுக்குள்ள பாடம் மாத்திட்டியா?"

தூக்கிவாரிப் போட்டது. சங்கராபரணமேதான்! வயலினை வாங்கிப் பார்த்தேன். அரக்குப் பொட்டு குதிரைப் பக்கமாக நகர்ந்திருந்தது. பையனின் அடிக்கோலை எடுத்து அளந்தேன். அரை சைஸ் வயலினில் தந்தி தொடங்கும் இடத்திலிருந்து ரி சுமார் ஒன்றரை சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். இது மூன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் வைத்த இடத்திலேயே. ரி ஏறினால் கூடவே த-வும் ஏறும், ஒரே பொட்டுதானே. ஒன்றரை சென்டிமீட்டர் நகர்த்தலில், மேளகர்த்தா என்கிற தாய் ராக வரிசையில் 15ஆவதான மாயாமாளவகௌளை 29ஆவதான சங்கராபரணமாகிவிட்டது.

"உனக்கு வித்தியாசம் தெரியலையாடா?"

"தெரிஞ்சுது மிஸ். மொத நாளே வேற மாதிரி கேட்டுச்சு." தலையைச் சொறிந்தான். "ஆனா பொட்டு அங்கதானே இருக்கு."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பொட்டை நம்பு என்று சொன்னவளே நான்தான்.

சந்தேகம் முதலில் நாலு வயதுத் தங்கை மேல் விழுந்தது. ஃப்ரிட்ஜ் கதவு, டிவி ரிமோட், தாத்தாவின் வழுக்கை என்று எல்லா இடத்திலும் பொட்டு ஒட்டிய பழைய குற்றவாளி. ஆனால் பொட்டைக் கிட்டப் பார்த்தேன். ஓரத்தில் முகப் பவுடர்.

நிமிர்ந்தேன். அம்மா சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை தாயார் சன்னிதிக்குக் கிளம்பினேன் மிஸ். பாத்தா பொட்டு அட்டை காலி. அக்கா தெருமுனையில காத்துக்கிட்டிருக்காங்க. வெறும் நெத்தியோட எப்படிப் போறது? வயலின் பெட்டி தெறந்திருந்துச்சு… திரும்பி வந்ததும் மறக்காம ஒட்டிட்டேன்."

"எடுத்த இடத்துலயேவா?"

"நீங்க ஒட்டினது கொஞ்சம் கோணலா இருந்துச்சு மிஸ். மேல நெருக்கமா, நடுவுல காலியா. அதான் முனைக்கும் பச்சைக்கும் சரியா நடுவுல வெச்சேன்."

மார்கழியில் அந்த வாசலில் அவர் போடும் புள்ளிக் கோலத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு புள்ளி விலகியிருக்காது. அந்தக் கை, கோணலாக நிற்கும் ஒரு ரி-யைச் சும்மா விடுமா?

பாட்டிக்கு ஒரே குஷி. "ஆனது ஆச்சு, அப்படியே ஒரு நோட்டுஸ்வரம் சொல்லிக்குடுத்துடேன்" என்று 'சந்ததம் பாஹிமாம்' முணுமுணுக்க ஆரம்பித்தார். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரப் பேண்டு மெட்டுகளைக் கேட்டு சங்கராபரணத்தில் செய்தவைதான் நோட்டுஸ்வரங்கள். பாட்டி முணுமுணுத்தது இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. நம் சங்கீதத்துக்கு வயலினைக் கொண்டுவந்தவரும் அந்தத் தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தானே. ஆக, அப்பா பேண்டு என்றதிலும் தப்பில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. நான் கிளம்பும்வரை "நான்தான் சொன்னேனே" என்றுகொண்டிருந்தார்.

மூன்று பொட்டையும் பிய்த்தேன். கறுப்புப் பலகையைப் பார்த்து அரையருக்கு முகம் விழுந்துவிட்டது. "கண்ணை மூடிக்கோ. வாசி." ஸ வந்தது. ரி கிளம்பியது, வழி தெரியாமல் நாலு வீடு ஏறி இறங்கியது.

"ரி!" என்று உள்ளேயிருந்து பாட்டியின் சத்தம்.

விரல் சறுக்கிக்கொண்டே கீழே வந்து ஓரிடத்தில் நின்றது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு எங்கேயோ காபி வாசனை அடித்தது.

வெளியே வந்தால் பக்கத்து வீட்டு மாமா. "என்ன டீச்சர், நாலு நாளா ஊஞ்சல் நல்லாத்தானே ஆடிச்சு? இன்னிக்கு மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சே!"

"எண்ணெய் காஞ்சிருக்கும் மாமா" என்று சொல்லி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். வழியில் காய்கறிக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். மருந்துக் கடையிலும் சிரித்தார்கள். எதற்கென்று வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் பொட்டுக்குப் பக்கத்தில், சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, அரையரின் ரி.