மானிப்பாய் என்று சொன்ன இரவு

போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் அரசின் பொருளாதாரத் தடை இருந்தபோது, எங்கள் வீட்டு ரேடியோ என் வலது கையை நம்பித்தான் பாடியது. மின்சாரம் இல்லை, பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்து டயரில் டைனமோவைச் சாய்த்து, இரண்டு வயர்களை ரேடியோவுக்கு இழுத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றுவேன். கை சற்றுத் தளர்ந்தாலும் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். இரவு 9.15க்குத் தொடங்கும் பிபிசி தமிழோசை முடிந்ததும் அப்பா போதும் என்பார். பாட்டுக்காக டயரைத் தேய்க்கக் கூடாது. புது டயருக்கு எங்கே போவது?

அப்படிச் சொன்னவர்தான் இளமையில் இலங்கை வானொலியே கதி என்று கிடந்தவர். 1925இல் கொழும்பில் தொடங்கிய அந்த வானொலி 1950இல் வர்த்தக சேவையை ஆரம்பித்தது. அதன் அறிவிப்பாளர்கள் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலையும் கே. எஸ். ராஜாவின் வேகத்தையும் பற்றி அப்பா பேசத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். தமிழ்நாட்டிலும் ‘சிலோன் ரேடியோ’ என்று ஆசையாகக் கேட்டார்கள் என்பதைத் தன் சொந்தப் பெருமை போலச் சொல்வார். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ முடிவதற்குள் குளித்துவிட வேண்டும் என்பது அவர் வீட்டில் நேரக்கணக்காம்.

நான் கொழும்புக்கு வந்தது 1997இல். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி அறை. சட்டைப்பையில் அடையாள அட்டை, அதற்குள் மடித்த பொலிஸ் பதிவுத் துண்டு. பஸ்ஸில் தமிழில் பேசும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும். அந்த ஒக்டோபர் 15ஆம் திகதி கோட்டையில் உலக வர்த்தக மையத்தின் அருகே குண்டு வெடித்த பிறகு, யாராவது ஊரைக் கேட்டால் ‘வெள்ளவத்தை’ என்று மட்டும் சொல்லப் பழகினேன்.

மறுவருடம், 1998இல், சூரியன் எப்.எம். என்ற தனியார் தமிழ் வானொலி வந்தது. அதே ஆண்டில் சக்தி எப்.எம்.மும் வந்தது, ஆனால் என் அறையின் ரேடியோ முள் சூரியனிலேயே நின்றது. சுவரில் செருகினால் போதும், பாட்டு வரும். கை வலிக்காமல் பாட்டுக் கேட்பதை முதல் சில நாட்கள் என்னால் நம்ப முடியவில்லை. வீட்டுக்கார அன்ரி மட்டும் மாடிப்படியில் நின்று, “தம்பி, சத்தத்தைக் குறைத்து வையுங்கள்” என்பார். தெருவுக்குத் தமிழ் கேட்டுவிடுமோ என்ற பயம். ஆனால் சில வாரங்களில் சலூனிலும் மரக்கறிக் கடையிலும் முச்சக்கர வண்டிகளிலும் அதே குரல்கள் உரத்துக் கேட்டன. பிறகு அன்ரியும் எதுவும் சொல்லவில்லை.

தனியார் எப்.எம்.கள் தமிழைக் கெடுத்துவிட்டன என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. சூரியனின் தொடக்க காலத்தில் பொறுப்பிலிருந்த சி. நடராஜசிவம் இலங்கை வானொலியில் வளர்ந்தவர். பழைய வீட்டின் உச்சரிப்பு புது வீட்டுக்கும் வந்தது. வேகம் கூடியது, உண்மைதான். ஆனால் நாங்கள் தாழ்த்திப் பேசிய மொழி அங்கே தாழாமல் ஒலித்தது. எனக்கு அதுதான் பெரிது.

ஒரு நாள் இரவு, சந்தியிலிருந்த தொலைபேசிக் கடையிலிருந்து பாட்டுக் கேட்க அழைத்தேன். இலக்கத்தை எத்தனை முறை சுழற்றியிருப்பேனோ, ஒவ்வொரு முறையும் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கிடைத்தது. அறிவிப்பாளர் பெயர் கேட்டார், சொன்னேன். “எங்கிருந்து பேசுகிறீர்கள்?”

“வெள்ளவத்தை.”

“சொந்த ஊர்?”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். ரிசீவரின் வயரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றேன். காற்றலையில் அந்த மௌனம் எவ்வளவு நீளமாகக் கேட்டிருக்குமோ!

“மானிப்பாய்,” என்றேன்.

“ஆகா, மானிப்பாய்!” என்று அவர் அந்தப் பெயரை முழுதாக, சந்தோஷமாகத் திருப்பிச் சொன்னார். கடை மேசையிலிருந்த ரேடியோவிலும் அதே கணத்தில் அது ஒலித்தது. ஒரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்த என் யாழ்ப்பாணத்து ஊரின் பெயரைக் கொழும்பு முழுக்கக் கேட்டுவிட்டது. எனக்குக் கால்கள் நடுங்கின.

வெளியே வந்து பணத்தை நீட்டினேன். கடைக்காரர் அதை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார்.

“மானிப்பாயில் எந்தப் பக்கம், தம்பி? மருதடிப் பிள்ளையார் கோவிலடியா?”