மத்தியான வரி: ஜேன் கென்யான் படிச்ச நாட்கள்

மார்ச் 3

அமெரிக்கக் கவிஞர் ஜேன் கென்யானோட 'அதர்வைஸ்' கவிதைய எத்தனையோ தடவ படிச்சிருக்கேன், இன்னைக்குத்தான் நடுவுல ஒரு வரில போய் நின்னுட்டேன். பெருசா ஒண்ணும் நடக்காத கவிதை. ரெண்டு கால்லயும் தெம்பா எந்திரிச்சேன், நல்லா பழுத்த பீச் பழம் சாப்பிட்டேன், நாயக் கூட்டிட்டு மேட்டுல பிர்ச் மரங்க பக்கம் போனேன், காலைல பூரா எனக்குப் புடிச்ச வேலைய செஞ்சேன், மத்தியானம் என் துணையோட படுத்தேன், ராத்திரி ரெண்டு பேரும் சேந்து சாப்பிட்டோம், அவ்ளோதான். நடுநடுவுல மட்டும் 'இது வேற மாதிரி ஆயிருக்கலாம்'னு வந்துட்டே இருக்கும். ஒரு நாள் வேற மாதிரிதான் ஆகும், எனக்குத் தெரியும்னு முடிச்சுடுவாங்க.

இத்தன நாளா இத சாவு பத்தின கவிதைன்னு மட்டுமே வச்சிருந்தேன். அந்த மத்தியான வரி கண்ணுலயே படல. பீச் பழத்துக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கும் நடுவுல, குரல கொஞ்சம்கூட மாத்தாம, உடம்போட ஆசையையும் வச்சிருக்காங்க.

மார்ச் 4

தேதி போட்டு எழுதிப் பாத்தேன். புருஷன் டொனால்ட் ஹால், அவரும் கவிஞர், 19 வயசு மூத்தவர், மிச்சிகன் யூனிவர்சிட்டில அவர்கிட்ட படிச்சவங்க இவங்க. 1972ல கல்யாணம், 1975ல நியூ ஹாம்ப்ஷயர்ல அவரோட தாத்தா பாட்டி இருந்த பழைய பண்ணை வீட்டுக்கே குடி போயிட்டாங்க. 1989ல அவருக்குப் பெருங்குடல்ல கேன்சர், 1992ல அது கல்லீரலுக்குப் போயிடுச்சு. அவர் போயிடுவார்ங்கற பயத்துலதான் அந்தக் கவிதை.

1994 ஜனவரில ஜேனுக்கு லுக்கேமியா, ரத்தப் புற்றுநோய். சியாட்டில் போய் எலும்பு மஜ்ஜை மாத்து சிகிச்சையும் பண்ணாங்க. 1995 ஏப்ரல் 22, அதே வீட்டுல, 47 வயசுல போயிட்டாங்க. அவர் 2018 வரைக்கும் இருந்தார், 89 வயசு. பயந்த பயம் நடந்துச்சு, ஆளு மாறிப்போச்சு. இதுக்கு மேல இன்னைக்கு ஒண்ணும் எழுத முடியல.

மார்ச் 7

'தி சிக் வைஃப்'. அவங்களோட கடைசிக் கவிதை. புருஷன் கடைக்குள்ள சாமான் வாங்கப் போயிருக்கார், அவங்க கார்லயே உக்காந்திருக்காங்க. அம்பது வயசுகூட ஆகல, ஒரு பட்டன் போட முடியாம இருக்கறது எப்படி இருக்கும்னு கத்துக்கிட்டாச்சு. வெளிய சேறும் சகதியுமா பார்க்கிங், அதுல வயசானவங்ககூட எவ்ளோ சுலபமா நடந்து போறாங்கன்னு பாத்துட்டே இருக்காங்க, கண்ணாடில மூச்சுக்காத்து படிஞ்சு மங்கலாகுது, ரெண்டு பக்கமும் நின்ன காருங்க சட்டு சட்டுன்னு கெளம்பிப் போறதப் பாக்கப் பாக்க மனசு நொந்துபோகுது.

ஆசைன்னா படுக்கைல வர்றது மட்டும்தான்னு யாராவது சொன்னா இந்தக் கவிதையத்தான் காட்டுவேன். சேத்துல நடக்கணும்னு இருக்கற ஏக்கம், என்னைக்கேட்டா அந்த மத்தியான வரியோட கூடப்பொறந்தது.

மார்ச் 11

ஜேனோட கடைசி நாட்களப் பத்தி ஹால் எழுதுன கவிதை, 'லாஸ்ட் டேஸ்'. ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்து அவங்க புத்தகத்துக்குக் கவிதைங்கள பொறுக்குறாங்க, இறுதிச்சடங்குக்குப் பாட்டு தேடுறாங்க, இரங்கல் குறிப்பக்கூட சேந்தே எழுதுறாங்க. அசந்து தூங்கப்போறப்போ ஜேன் சொல்றாங்க, ஜாலியா இருந்துச்சுல்ல, சேந்து வேலை செஞ்சதுன்னு.

அப்புறம் அவர் கேக்கறார், உன்னப் புதைக்கறப்போ எந்த ட்ரெஸ் போடட்டும்னு. அந்த வெள்ளை சல்வார் கமீஸ்? ஒன்றரை வருஷம் முன்னாடி பாண்டிச்சேரில வாங்குன பட்டு, அவங்க ஆசையா உடுத்துனது. சிரிச்சுட்டே சரிங்கறாங்க. பாண்டிச்சேரிங்கற பேர அங்க பாத்ததும் புத்தகத்த மூடி வச்சுட்டேன்.

எங்கம்மாகிட்ட கடைசி வரைக்கும் நோயோட பேரயே நாங்க சொல்லல. எந்தப் புடவைன்னு கேக்கவே இல்ல. பீரோல மேலாக இருந்தத எடுத்து சித்திதான் கட்டிவிட்டாங்க.

மார்ச் 12

நேத்து விட்ட எடத்துலேர்ந்து. ஜேன் மூணு மணி நேரமா பேசவே இல்ல. இந்த லெட்டரெல்லாம் பெட்டில போட்டுட்டு வந்துடறேன்னு அவர் சொன்னதுக்கு ஜேன் "ஓகே"ன்னாங்க. அவங்க கடைசியா பேசுனது அதுதான்.

மார்ச் 16

ஹால் 2002ல போட்ட 'தி பெயின்டட் பெட்' கவிதைத் தொகுப்பு படிக்கறப்போ எனக்குக் கூச்சமாவே இருந்துச்சு. பொண்டாட்டி போனப்புறம் வேற பொண்ணுங்க, உடம்பு, படுக்கை எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா 'ஆர்டர்' (Ardor, வேட்கை)னு ஒரு கவிதைல, துக்கம்தான் படுக்கைல புரண்டு அந்தப் பக்கம் பாத்துப் படுத்தா காமம்ங்கற மாதிரி சொல்றார். அத வாசிச்சதும் கூச்சம் போச்சு. மத்தியானம் துணையோட படுத்தேன்னு அவங்க எழுதுனாங்களே, அந்தத் துணை இவர்தான, அந்த மத்தியானம் தெனமும் வருது, பக்கத்துல எடம் காலியா இருக்கு, உடம்புக்கு அத எப்படிப் புரியவைக்கறது.

அதுக்கப்புறம் திரும்ப 1998ல வந்த அவரோட 'விதவுட்' தொகுப்புக்குப் போனேன். தலைப்புக் கவிதைல ஒரு கமா, ஒரு புள்ளி கெடையாது, ஆஸ்பத்திரில நாள் நகர்ற மாதிரியே போகும். புத்தகம் ஜேனோட தோட்டத்துல முடியுது. அவங்க வச்ச பியோனி செடிங்க வராண்டா ஓரமா பூத்திருக்கு. வெள்ளைப் பூவு, நடுவுல செவப்புத் தீத்தல். ஒண்ண உள்ள எடுத்துட்டு வந்து, அவங்க செய்யற மாதிரியே, கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணில மெதக்க விடறார். மிச்சப் பூவெல்லாம் கனம் தாங்காம மேற்கு பாத்து சாஞ்சிருக்கு, சிலது விழுந்துடுது.