சைக்கிள் கிடைக்கிறது, விடத்தான் இடம் இல்லை

ஒரு ஸ்டாண்டில் வாடகைக்கு எடுத்து இன்னொரு ஸ்டாண்டில் விடும் பொது சைக்கிள் திட்டத்தை ஒரு நகரம் தொடங்கினால், திறப்பு விழாவில் பெருமையாகச் சொல்வது ஒரே எண்ணைத்தான்: எத்தனை சைக்கிள். எத்தனை டாக் என்று யாரும் சொல்வதில்லை. ஸ்டாண்டில் முன்சக்கரத்தை நுழைத்துப் பூட்டுகிறோமே, அந்த இடத்துக்குப் பெயர்தான் டாக். வேலைக்குப் போகவர இந்த சைக்கிளையே நம்பியிருக்கும் எனக்கு இரண்டாவது எண்தான் கவலை.

காலையில் வீடுகள் இருக்கும் பக்கத்திலிருந்து எல்லோரும் அலுவலகங்கள் இருக்கும் பக்கம் போகிறோம். வீட்டுப் பக்கத்து ஸ்டாண்ட் எட்டரைக்குள் காலி. அலுவலகப் பக்கத்து ஸ்டாண்ட் ஒன்பதே முக்காலுக்கு நிரம்பி வழியும். எடுக்க வண்டி இல்லை என்றால் எரிச்சல்தான், நடந்துவிடலாம், பஸ் பிடிக்கலாம். வந்து சேர்ந்த பிறகு விட இடம் இல்லை என்றால் அது நரகம். கையில் வண்டி, ஓடிக்கொண்டே இருக்கும் கட்டணம், பத்து நிமிடத்தில் மீட்டிங். ஆப்பைத் திறந்தால் இரண்டு தெரு தள்ளி ஒரு டாக் காலி என்று காட்டும். போய்ச் சேர்வதற்குள் வேறு யாரோ சொருகிவிட்டிருப்பார்கள். என்னைப் போலவே இரண்டு மூன்று பேர் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி போனைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவர் வண்டி எடுக்க வந்தால் அவருக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதையே தனி.

இதற்கு இருக்கிற முக்கிய மருந்து, நிரம்பிய இடத்திலிருந்து வண்டிகளை லாரியில் ஏற்றிக் காலி இடத்தில் இறக்குவது. புகையில்லாப் பயணம் என்று சைக்கிளின் மட்கார்டிலேயே எழுதி வைத்துவிட்டு, அதன் பின்னாலேயே டீசல் லாரியை ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மேடு பள்ளமான நகரம் என்றால் இன்னும் மோசம். பாரிஸில் 2007 ஜூலையில் வெலிப் என்ற பொது சைக்கிள் திட்டம் தொடங்கியதும் நடந்தது இதுதான்: மேட்டிலிருந்து இறங்க சைக்கிள், திரும்பி ஏற மெட்ரோ. எது சுகமோ அதைத்தானே செய்வோம்? வண்டிகளெல்லாம் பள்ளத்தில் போய்ச் சேர்ந்தன. கடைசியில், மேட்டு ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டால் 15 நிமிடம் இலவசமாகக் கூட்டித் தருகிறோம் என்று இறங்கிவந்தார்கள். நியூயார்க்கின் சிட்டி பைக்கில், காலியாகக் கிடக்கும் ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டுபோகிறவர்களுக்குப் புள்ளிகள் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. லாரியை மட்டும் நம்புவதைவிட இது நல்ல யோசனை.

இவ்வளவு புலம்புகிறவன் சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கித் தொலைய வேண்டியதுதானே என்று கேட்கலாம். என் தங்கையும் அதைத்தான் கேட்கிறாள். நான் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கீழே நிறுத்தினால் காலையில் இருக்குமா என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆனால் திருட்டும் மாடிப்படியும் சின்னக் காரணங்கள். பெரிய காரணம், ஒருவழிப் பயணம். சொந்த வண்டியில் போனால் அதோடுதான் திரும்ப வேண்டும். இதில் காலையில் சைக்கிளில் போய், சாயங்காலம் மழை வந்தால் பஸ்ஸில் திரும்பலாம். நண்பர் காரில் கூப்பிட்டால் ஏறிக்கொள்ளலாம். விட்ட வண்டியைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. இந்தச் சுதந்திரத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மற்ற வண்டிகள் நிற்கும் நாளில் ஒரு நகரத்துக்கும் இது கைகொடுக்கும். 2015 ஜூலையில் லண்டன் பாதாள ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த ஒரு நாளில் மட்டும் அங்கே 70,000 தடவைக்கு மேல் பொது சைக்கிள்களை எடுத்தார்கள்.

வண்டியின் லட்சணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருபது கிலோவுக்கு மேல் கனம், மூன்றே கியர். பலர் கையில் அடிபட்டும் உயிரோடு இருக்க வேண்டும் என்று செய்த வண்டி, அதில் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. சீட் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். இது பழுது என்று முந்தி ஓட்டியவர் நமக்கு விட்டுப்போன சேதி அது. பாரிஸிலும் நியூயார்க்கிலும்கூட இதே வழக்கம் உண்டு. யாரும் போர்டு வைத்துச் சொல்லித்தரவில்லை, தானாகப் பரவியிருக்கிறது. சீட் நேராக இருந்தாலும் பூட்டைத் திறக்குமுன் டயரைக் கட்டைவிரலால் அழுத்துவேன், இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்ப்பேன், பெடலைப் பின்னால் ஒரு சுற்று சுற்றி செயின் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அரை நிமிட வேலை. நான் குள்ளம் என்பதால் சீட்டை அடிவரை இறக்க வேண்டும். அந்தக் கிளிப் இறுகிப்போயிருந்தால் வேறு வண்டிதான்.

டாக்தானே தொல்லை, டாக்கே இல்லாமல் செய்துவிட்டால் என்ன? கேட்கச் சுலபம். அப்படிக் கேட்டவர்கள் முன்பே உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 1965-இல் ப்ரோவோ என்ற இளைஞர் கூட்டம், லூட் ஸ்கிம்மெல்பெனிங்க் என்பவரின் யோசனைப்படி, சில சைக்கிள்களுக்கு வெள்ளையடித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தெருவில் விட்டது. பூட்டாமல் சைக்கிளை விடுவது சட்டப்படி குற்றம் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. கோபன்ஹேகனில் 1995-இல் காசு போட்டால் திறக்கும் வண்டி வந்தது. 20 க்ரோனர் போட்டு எடுத்து, திருப்பி விட்டால் காசு திரும்ப வரும். எடுத்தவர் யார் என்றே தெரியாத ஏற்பாட்டில் வண்டிகள் காணாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அட்டையும் பெயரும் கணக்கும் வந்த பிறகுதான் இது நிலைத்தது. பிரான்சின் லியோன் நகரில் 2005-இல் பெரிய அளவில் ஓடியதைப் பார்த்துத்தான் பாரிஸுக்கே தைரியம் வந்தது.

பிறகு போனும் ஜிபிஎஸ்ஸும் வந்ததும் டாக்கைத் தூக்கிப்போட்டார்கள். எங்கே இறங்குகிறாயோ அங்கேயே பூட்டிவிட்டுப் போ. ஓட்டுகிறவனுக்குச் சொர்க்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் நடைபாதையில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளுகிறவரையும், குச்சி ஊன்றி நடக்கும் பார்வையற்றவரையும் யார் கேட்டார்கள்? என் தொல்லையை அவர்கள் தலையில் இறக்கி வைப்பதற்குப் பெயர் தீர்வு இல்லை. பணக்கணக்கும் பொய்த்தது. சீனாவில் ஓஃபோ நிறுவனம் முதலீட்டாளர் பணத்தில் வண்டிகளைக் கொட்டிக் குவித்தது. 2018 டிசம்பரில் டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஆன்லைன் வரிசையில் நின்றார்கள். ஒரு சவாரிக்குச் சில்லறை, டெபாசிட்டாக நோட்டு என்று எந்தக் கம்பெனி வந்தாலும் எனக்கு இந்த வரிசைதான் ஞாபகம் வரும்.

ஆகவே எனக்கு டாக் வேண்டும். நிறைய வேண்டும். சைக்கிளைவிட டாக் கணிசமாக அதிகம் இருந்தால்தான் வண்டி புழங்கும். நாற்காலிகளை மாற்றி உட்கார ஒரு காலி நாற்காலியாவது வேண்டும் அல்லவா, அந்தக் கணக்குதான். அப்புறம் ஸ்டாண்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நிரம்பியிருந்தால் அடுத்த ஸ்டாண்டுக்கு ஓரிரண்டு நிமிடத்தில் போய்விட வேண்டும். நகரத்தின் வரைபடம் முழுக்கப் புள்ளி வைத்துக் காட்டும் ஆசையில் தூரத் தூரமாக நட்டுவிட்டு, யாரும் ஓட்டவில்லை என்று பிறகு அங்கலாய்ப்பார்கள்.

தலைக்கவசம் பற்றி எனக்கு இரண்டு மனம். போடுவது நல்லது, நான் பையில் வைத்திருக்கிறேன். ஆனால் நினைத்தவுடன் எடுக்கும் வண்டிக்கு, நினைத்தவுடன் தலைக்கவசம் எங்கிருந்து வரும்? மெல்போர்னில் சைக்கிளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். 2010-இல் தொடங்கிய திட்டத்துக்காகக் கடைகளில் மலிவு விலைக்குக்கூட விற்றுப் பார்த்தார்கள். ஓட்ட ஆள் சேராமல் 2019-இல் மூடிவிட்டார்கள். சட்டத்தைவிட, சாலையில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டால் என் பயம் பாதி குறையும். கார் கதவு திடீரென்று திறக்கும் ஓரமாகவே ஓட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

கார்கள் குறையும் என்ற பேச்சை மட்டும் நான் நம்புவதில்லை. பல நகரங்களில் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பார்த்தபோது, பெரும்பாலோர் விட்டுவிட்டு வந்தது நடையையும் பஸ்ஸையும் ரயிலையும்தான், காரை விட்டு வந்தவர்கள் குறைவு. என் கதையும் அதேதான், என்னிடம் கார் எப்போதுமே இருந்ததில்லை. நெரிசலான பஸ்ஸில் ஓர் ஆள் குறைந்தேன், அவ்வளவே. அதற்காகத் திட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன். பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தத் துண்டு தூரம்தான் பலரை அலுக்கவைக்கிறது, அதை இது அடைக்கிறது. ஆனால் போஸ்டரில் வேறு வாக்குறுதி அடிக்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

ஆப்பும் வங்கி அட்டையும் இல்லாதவர்களுக்கு இந்த வண்டியைத் தொடவும் முடியாது என்பது இன்னொரு உறுத்தல். எங்கள் அலுவலகத்தைப் பெருக்கும் அக்கா விடியற்காலையில் வந்து மதியம் திரும்புகிறார். டாக் தட்டுப்பாடு இல்லாத நேரம், நல்ல தூரம், சைக்கிளும் ஓட்டத் தெரியும். அவர் போனில் அந்த ஆப் இறங்காது. பொதுப்பணத்தில் ஓடுகிற திட்டம் என்றால் பஸ் பாஸையே தேய்த்து வண்டி எடுக்க முடிய வேண்டும். லாபம் வரவில்லை என்று இதை மூடுவதும் எனக்குப் புரிவதில்லை. பஸ்ஸிடம் யாரும் லாபக் கணக்கு இவ்வளவு கறாராகக் கேட்பதில்லை.

என் ஆண்டுச் சந்தா அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்கத்தான் போகிறேன். கூடவே அலுவலகத்தில் அரை மணி முன்னதாக வந்துபோக அனுமதி கேட்டிருக்கிறேன், அந்த நேரத்தில் டாக் கிடைக்கிறது. மேலாளர் காரில் வருகிறவர். காரணத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, பார்க்கிங் பிரச்சினை சைக்கிளுக்குமா என்றார்.