அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா?

உயர்தர வகுப்பில் எங்களுக்குப் புறநானூறு படிப்பித்த ரீச்சரை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்களுக்குத் தகப்பன் மகளைத் தர மறுப்பதைப் பாடும் மகட்பாற்காஞ்சிப் பாட்டுகளை அவர் படிப்பித்தால் வகுப்பே மூச்சுவிடாமல் இருக்கும். ஒரு நாள் பரணரின் 343ஆம் பாட்டு. முசிறித் துறைமுகத்தைப் போன்ற பெருஞ்செல்வத்தைப் பணிந்து கொடுத்தாலும் தகுதியில்லாதவனுக்கு மகளைத் தரமாட்டேன் என்று தகப்பன் நிற்கிறான். பெண் கேட்டவர்களின் படை ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. தகப்பனின் மானத்தை ரீச்சர் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவள் எழும்பினாள்.

"அந்தப் பிள்ளையிட்ட ஆரும் கேட்டவையோ ரீச்சர்?"

சிலர் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் வந்ததும் முதல் வேலையாக அவளைப் பார்த்து, "இரவு திரும்ப வாசிச்சனான். அவள் ஒரு சொல்லும் கதைக்கேல்லைப் பிள்ளை" என்றார். பிழையாகப் படிப்பித்துவிட்டேன் என்று சொல்வதுபோல இருந்தது அந்தக் குரல்.

நாடு விட்டு வந்து பல வருடங்கள் கழித்து, 2014இல் வெளிவந்த 'டிஃப்ரெட்' என்ற எத்தியோப்பியப் படத்தைப் பார்த்தபோது அந்த வகுப்புத்தான் நினைவுக்கு வந்தது. ஹிருத்துக்கு வயது 14. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் குதிரைகளில் வந்த ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தூக்கிப்போய்க் கட்டுவது அங்கே ஒரு வழக்கம், 'தெலெஃபா' என்பார்கள். பெண்ணுக்குப் பரிசம் கொடுக்க வசதியில்லாதவனுக்கும், கேட்டுக் கிடைக்காதவனுக்கும் இது குறுக்கு வழி. பிள்ளையைக் கெடுத்துவிட்டால் பெற்றோர் பேரம் பேச முடியாது, வந்ததை வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஹிருத் தன்னைத் தூக்கிப்போனவனுடைய துப்பாக்கியாலேயே அவனைச் சுட்டுவிட்டுத் தப்புகிறாள். கொலை வழக்கு அவள்மீதே வருகிறது.

என்னை உலுக்கியது அந்த வன்முறைக் காட்சி அல்ல. மரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் கூடி நியாயம் பேசும் காட்சிதான். எல்லோரும் ஆண்கள். ஒவ்வொருவரும் எழும்பி அழகாக, ஒழுங்காகப் பேசுகிறார்கள். பேசப்படுகிறவள் அங்கே இல்லை. எனக்கு உடம்பு நடுங்கியது. பரணரின் பாட்டில் இருந்த அதே வெற்றிடம்.

இது கற்பனைக் கதை அல்ல. 1990களின் நடுப்பகுதியில் நடந்த வழக்கு. பிள்ளைக்காக நின்ற சட்டத்தரணி மெயாசா அஷெனாஃபி 2018இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தின் தலைவரானார். கடத்தியவன் அந்தப் பெண்ணையே கட்டினால் தண்டனையில்லை என்று 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த வழி, 2004இல் இயற்றிய குற்றவியல் சட்டத்தில் அடைபட்டது.

பரிசம் ஒழுங்காகக் கொடுத்துக் கட்டினாலும் அடி விழாமல் இல்லை. உகாண்டாவில் புருஷனின் அடி தாங்காமல் வீட்டுக்கு வருகிற மகளைத் தாய் தகப்பனே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், வாங்கிய மாடுகளைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாததால். 2015இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், மணமுறிவின்போது பரிசத்தைத் திருப்பிக் கேட்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. பரிசம் வாங்குவதை அது தடுக்கவில்லை. எனக்கு அது போதாது என்றுதான் படுகிறது. ஆனால் திரும்பிவர ஒரு வாசலாவது திறந்ததே. நாங்கள் சீதனம் கொடுத்து அனுப்புகிறவர்கள், காசு மற்றப் பக்கம் போகிறது. அடிபட்டு வந்தவளைச் "சமாளிச்சுப் போ பிள்ளை" என்று திருப்பி அனுப்பிய வீடுகளை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கேள்வி கேட்டவள் சோதனை முடிந்த கையோடு கலியாணம் கட்டிப் போனாள். அப்புறம் இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவதில் தன்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை, எங்களைப் பற்றித்தான் விசாரித்திருந்தாள். அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும், நேராகக் கேட்டிருக்க வேண்டும். ரீச்சர் இப்போது இல்லை. சங்கம் வெளியிடும் இந்த மலர் உன் கைக்கு வந்தால் சங்கத்துக்கு ஒரு வரி எழுது, நான் வந்து பார்க்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை உன்னிடமே கேட்க வேண்டும்.