கழுவிய தண்ணீர்

யூன் 4
விடியவே மழை. பொலிமர்ப் படலம் செய்ய வைத்திருந்த பைரோல் திரவம் கறுத்துப் போயிருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அப்படித்தான். திரும்பக் காய்ச்சி வடிக்க வேண்டும். 130 பாகைக்குக் கிட்ட நிறமில்லாமல் சொட்டுவதைப் பார்ப்பது மட்டும் எனக்கு அலுப்பதில்லை.

யூன் 5
அம்மா போன் எடுத்தார். ஸ்கேனுக்குத் திகதி சொல்லவில்லையாம். பக்கத்தில் அப்பா இருமுவது கேட்டது.

யூன் 7
படலம் ஏறிவிட்டது. ஒட்சிசனைத் தாழ்த்த நான் எடுத்த ஊக்கி, எதிரேற்றமுள்ள சல்போனேற்றுக் கூட்டங்கள் கொண்ட கோபால்ற்று தலோசயனின். கரைத்தால் நல்ல நீலம். அதில் பைரோலை விட்டு 0.7 வோல்ற்றில் பிடித்தால் மின்வாயில் கறுப்பாகப் படிகிறது. பொலிமர்ச் சங்கிலியில் மூன்று நான்கு பைரோலுக்கு ஒரு நேரேற்றம். அதை ஈடுகட்ட ஓர் அனயன், அதாவது எதிரேற்ற அயன், வேண்டும். கரைசலில் வேறு அனயன் இல்லையென்றால் ஊக்கியே உள்ளே போக வேண்டியதுதான். போனது வெளியே வராதா? குளோரைட்டு என்றால் படலத்தைத் தாழ்த்தியதும், அதாவது இலத்திரன் கொடுத்து நேரேற்றத்தை நீக்கியதும், ஓடிவிடும். இது பெரிசு, சிக்கிக்கொள்ளும். பதிலுக்கு, அதன் எதிரேற்றத்தை ஈடுகட்ட, சோடியம் உள்ளே வரும். வாசித்ததெல்லாம் அப்படித்தான் சொல்கிறது. கழுவிய தண்ணீரை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். லேசான நீலம். மேலே ஒட்டியிருந்ததா, உள்ளிருந்து வந்ததா?

யூன் 8
திரும்பக் கழுவினேன். நிறமே இல்லை! கன்டீனில் இரண்டு வடை.

யூன் 10
கரண்ட் இல்லை.

யூன் 13
ஒட்சிசன் விட்டேன். வெறும் படலத்தைவிட முந்தியே மின்னோட்டம் எழும்புகிறது, ஊக்கி வேலை செய்கிறது. ஆனால் கோபால்ற்று ஒட்சிசனைத் தண்ணீர்வரை கொண்டுபோகாது, பெரும்பாலும் இரண்டு இலத்திரனோடு ஐதரசன் பெரொட்சைட்டில் நின்றுவிடும். அது பிறப்பதே படலத்துக்குள். தன்னை வைத்திருக்கிற பொலிமரையே அரிக்கப் போகிறது. கோபால்ற்றுக்குப் பதில் இரும்பு என்றால் பெரும்பாலும் தண்ணீர்வரை போகும் நான்கு இலத்திரன் பாதை. இரும்பு வாங்க யார் காசு தருவது?

யூன் 14
தண்ணீரில் நீலம் மாதிரி. கண்ணா, லைட்டா தெரியவில்லை.

யூன் 16
ஹட்டன் பஸ். கினிகத்தேனைக்கு மேலே ஒரே பனி. அப்பா மெலிந்துவிட்டார். "அந்தக் கறுப்பு இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பெரட்டுக்கு, தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, போகாமல் வீட்டில் இருப்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். இருமலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

யூன் 18
அலுமினாத் தூளில் எட்டு வடிவில் தேய்த்து மின்வாயை மினுக்கினேன். இனி 0.65 வோல்ற்றில், மெதுவாக. கூட்டினால் மிகையாக ஒட்சியேறிக் கடத்துவதும் போய்விடும்.
தங்கச்சி எடுத்தாள். ஸ்கேன் 22ஆம் திகதி, கண்டியில். அன்றைக்குத்தான் கருவி என் முறை. யாரிடமாவது மாற்றிக் கேட்க வேண்டும்.