மாளிகைத் தோட்டம் பூங்காவாக அனுமதி பெற்ற அனுபவம்

பழைய மாளிகையொன்றின் தோட்டத்தைப் பொதுப் பூங்காவாக்கும் திட்டத்துக்கு ஒருவழியாக அனுமதி கிடைத்துவிட்டது. உரிமை மாற்றமும் நிதி ஒப்புதலும் சிக்கலின்றி முடிந்தன. எங்களை அலைக்கழித்தது வாகன நிறுத்துமிடம்.

நுழைவாயிலையொட்டி இருபுறமும் முதிர்ந்த மரங்கள் நிற்கும் பாதையின் ஓரமே அதற்கு வசதியான இடம் என்று பொறியாளர் பிடிவாதமாக இருந்தார். தோண்டாமல் சரளை மட்டும் பரப்பினால் மரத்துக்கு என்ன ஆகிவிடும் என்பது அவர் கேள்வி. உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், வண்டிகளின் எடையில் மண் இறுகினாலே காற்றும் நீரும் இறங்காமல் மரம் மெல்லப் பட்டுப்போகும். பி.எஸ். 5837 என்ற பிரிட்டிஷ் தர ஆவணத்தின்படி, 1.5 மீட்டர் உயரத்தில் அளந்த அடிமர விட்டத்தின் 12 மடங்கை ஆரமாகக் கொண்ட வட்டம் வேர்ப் பாதுகாப்புப் பகுதியாகும். 80 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு அது 9.6 மீட்டர். வரைபடத்தில் அந்த வட்டங்களை வரைந்தபோது நிறுத்துமிடம் முழுவதும் அவற்றுக்குள் அடங்கிவிட்டது. கற்கள் பாவிய பழைய குதிரைலாய முற்றத்துக்கு அதை மாற்றினோம்.

அதன் பிறகும் கோப்பு திரும்பி வந்தது. மரக் கணக்கெடுப்பு இணைக்கப்படவில்லை என்பது குறிப்பு. பெரிய தாள் கோப்பில் அடங்கவில்லை என்று எழுத்தர் அதைத் தனியே உருவி வரைபட அலமாரியில் வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டிய பிறகும், மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்கும்படி முகம் பார்க்காமலே கூறினார். இணைப்புகளுக்குப் பக்க எண்ணுடன் பட்டியல் தயாரித்து, அதன் நகலில் கையொப்பமும் தேதியும் பெறாமல் எந்த அலுவலகத்திலும் எதையும் ஒப்படைக்காதீர்கள். எங்களிடம் அந்த நகல் இருந்ததால்தான் மேலதிகாரி பழைய விண்ணப்பத்தையே தொடர அனுமதித்தார்.

பாரம்பரியக் குழுவின் கேள்வி வேறு விதமானது. பழைய புகைப்படத்தில் பாதி மட்டும் தெரிந்த நீரூற்றை முழுமையாகக் கட்டித் தரலாம் என்று சிலர் ஆசைப்பட்டனர். முன்னாய்வின்றி மீளமைக்கக் கூடாது, ஒரு காலகட்டத்தை மற்றவற்றுக்கு மேலாக உயர்த்தக் கூடாது என்பதே வரலாற்றுத் தோட்டங்களைப் பேணுவதற்கான சர்வதேச நெறிமுறையாக 1982இல் பதிவான புளோரன்ஸ் சாசனத்தின் நிலைப்பாடு. யூகத்தில் கட்டிய நீரூற்று அங்கே எடுபடாது. அதற்குப் பதிலாகக் கோடையில் புல்தரையை மேலிருந்து படமெடுத்தோம். புதைந்த பாதையின் மீது மண் ஆழம் குறைவென்பதால் அங்கே புல் முன்னதாகவே காய்ந்து மஞ்சள் கோடாகத் தெரிந்தது. ஓரிடத்தில் சாண் ஆழம் அகற்றியதும், செங்கல் விளிம்புடன் சரளைப் பாதை வெளிப்பட்டது. நடைபாதையை அந்தக் கோட்டிலேயே அமைக்கிறோம் என்றதும் குழு மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டது. ஓடியாடும் விளையாட்டுகளுக்குத் தோட்டத்தையொட்டித் தனியிடம் வேண்டும் என்று அதே சாசனம் கூறுவதால், ஊஞ்சலும் சறுக்குமரமும் மதிலுக்கு வெளியே சென்றன.

அனுமதி கைக்கு வந்ததும் ஒப்பந்ததாரர் முதலில் அனுப்பியது மண் அள்ளும் இயந்திரத்தை. அதை வாயிலிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மரங்களைச் சுற்றி வேலி அமைத்துச் சரிபார்த்த பிறகே முதல் தவணை வழங்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.