அத்தையும் சுருட்டை முடிப் பொம்மையும்

சேலம் அரசு அருங்காட்சியகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதோடு சரி. இருபது வருஷமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இந்த முறை அத்தைதான் இழுத்துக்கொண்டு போனார். முதலில் போய் நின்றது வெள்ளிக்கிழமை. அரசு அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை என்பது பூட்டைப் பார்த்த பிறகே நினைவுக்கு வந்தது. ஞாயிறன்று மறுபடி போனோம்.

1979-ல் தொடங்கிய சின்ன அருங்காட்சியகம். நாணயம், ஓலைச்சுவடியையெல்லாம் அத்தை பத்து நிமிஷத்தில் கடந்துவிட்டார். நடுகல்லைப் பார்த்ததும்தான் கால் நின்றது.

"பொம்பளைங்க எங்க கண்ணு இதுல?"

நடுகல் ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் செத்த வீரனுக்கு எடுத்தது. சில கற்களில் அவன் பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள். சில கற்களில் ஆளே இருக்காது, வளையல் போட்ட கை ஒன்று மட்டும் உயர்ந்து நிற்கும். கணவனோடு தீயில் இறங்கியவள் என்று அர்த்தம். சென்னை மாகாணத்தில் 1830-ல்தான் அதற்குத் தடை வந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை, "எங்க ஏரிக்கரையில தீப்பாஞ்சம்மன்னு கும்புடறோமே, அந்தக் கல்லா?" என்றார். அதேதான். ஐம்பது வருஷம் பொங்கல் வைத்த கல். அதன் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது திடீரென்று, "இங்க ஒரு தொட்டிலும் வைக்கணும்" என்றார். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது இதே சேலத்தில்தான். கொல்ல வேண்டாம், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்த்துக்கொள்ளும் என்றார்கள். அத்தைக்கு மூன்றும் பெண்கள். அந்தக் காலத்தில் அவரிடம் யார் என்ன சொன்னார்களோ, நான் கேட்கவில்லை.

மத்தியானம் ஏற்காடு பஸ். இருபது கொண்டை ஊசி வளைவும் அத்தைக்கு ஒன்றும் செய்யவில்லை, எனக்குத்தான் குமட்டியது. மேலே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவுக் கல்லைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபுட், ஓய்வுபெற்ற பின் இங்கேதான் வீடு வைத்திருந்தார். அவர் சேர்த்த பழம்பொருள்களின் பட்டியலில் இந்த மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கிடைத்த சுடுமண் பெண் பொம்மை ஒன்று வருகிறது. தலை முழுக்கச் சின்னச் சின்னச் சுருளாக முடி. அவ்வளவு சிங்காரித்த தலை கலையாமல் எப்படித் தூங்கினார்கள் என்று யோசித்து, அவர் கழுத்துக்கு வைக்கும் மண் தாங்கியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வீரன் இல்லை, தீ இல்லை. முடியலங்காரம் மட்டும்.

அத்தைக்கும் சுருட்டை முடிதான். சின்ன வயதில் எண்ணெயை ஊற்றி ஊற்றி வழித்துச் சீவிவிடுவார்களாம்.

"அந்தப் பொம்மை இப்ப எங்க?"

"அவர் சேர்த்ததெல்லாம் 1904-லேயே எழும்பூர் மியூசியத்துக்குப் போயிடுச்சு அத்தை."

"வெள்ளிக்கிழமை இல்லாம பார்த்து டிக்கெட் போடு கண்ணு."